நோமாடும் நக்கோன் பனோமும்

'தி கிரியேட்டர்' என்ற ஹாலிவுட் படத்தில் என் மனதில் தங்கிப்போனது ஒரு ரோபோ வெடிகுண்டு. பீப்பாய் போன்ற உடம்பு, அதற்குக் கீழே கையும் காலும், தலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அமெரிக்கப் படை ஆற்றோரக் கிராமம் ஒன்றைத் தாக்கும்போது அதற்கு உத்தரவு வருகிறது. உங்களோடு பணியாற்றியது பெருமை என்கிற மாதிரி அதிகாரியிடம் விடைபெற்றுக்கொண்டு, பாலத்தின் மேல் தடதடவென ஓடிப்போய் வெடிக்கிறது. தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது.

இந்தப் படத்தில் வரும் அமெரிக்கா, செயற்கை நுண்ணறிவையே சட்டம் போட்டுத் தடை செய்த நாடு. அதை உலகத்திலிருந்து துடைத்தெறியத்தான் இந்தப் போரே நடக்கிறது. அப்படியானால் மரியாதையாக விடைபெற்றுச் சாகப்போகிற இது யார்? இதற்குப் பேச்சு வருகிறது, பெருமிதம் தெரிகிறது, தான் திரும்பி வரப்போவதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. எதைத் தடை செய்தார்கள், எதை வைத்துக்கொண்டார்கள்? படம் இதற்குப் பதில் சொல்வதில்லை. அடுத்த துப்பாக்கிச் சூட்டுக்குப் போய்விடுகிறது. எனக்கோ அந்த இடத்திலிருந்து நகர முடியவில்லை. பிறகு ஓடிடியில் மறுபடி பார்த்தபோதும் அதே பாலத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 2055இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஓர் அணுகுண்டு வெடிக்கிறது. செய்தது செயற்கை நுண்ணறிவு என்று அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் அதைத் தடை செய்கின்றன. 'நியூ ஏசியா' என்று பெயரிடப்பட்ட கிழக்குப் பகுதி தடை செய்ய மறுக்கிறது. அங்கே ரோபோக்களும், மனித முகம் கொண்ட 'சிமுலன்ட்'களும் மனிதர்களோடு ஒன்றாக வாழ்கிறார்கள். அவர்களை வேட்டையாட அமெரிக்கா வானத்தில் ஒரு மாபெரும் ஆயுத மேடையை மிதக்க விட்டிருக்கிறது. அதன் பெயர் நோமாட். ஜோஷுவா என்ற அமெரிக்கச் சிப்பாய், எதிரியின் புதிய ஆயுதத்தைத் தேடி அழிக்கப் போகிறான். ஆயுதம் என்று அங்கே இருப்பது ஒரு சிறுமி. கை கூப்பினால் எந்த இயந்திரத்தையும் நிறுத்திவிடக்கூடிய சிறுமி. பிறகு என்ன, அவளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். மிச்சத்தை யூகித்துக்கொள்ளலாம்.

யூகிக்க முடிகிறது என்பதுதான் இந்தப் படத்தின் மேல் பலருக்கும் இருந்த குறை. நியாயமான குறை. காதல் மனைவி, இறந்துபோன நம்பிக்கை, கல் மனதைக் கரைக்கும் குழந்தை எல்லாம் எங்கேயோ பார்த்தவைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தில் இதற்கு ஈடாகச் சமீபத்தில் வந்த படங்கள் குறைவு. அது எப்படி என்று சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் கிராபிக்ஸ் வேலையிலிருந்து வந்தவர். தன் முதல் படமான 'மான்ஸ்டர்ஸ்'க்கு (2010) கேமராவையும் தானே பிடித்து, கிராபிக்ஸையும் தானே செய்தவர். அடுத்து 'காட்ஸில்லா', 'ரோக் ஒன்' என்று ஹாலிவுட்டின் பெரிய இயந்திரத்துக்குள் போய்வந்தார். 'தி கிரியேட்டர்' படத்தில் பழைய வழிக்குத் திரும்புகிறார், ஆனால் கையில் 8 கோடி டாலரோடு. நமக்கு அது பெரிய தொகை. இந்த அளவு கிராபிக்ஸ் உள்ள ஹாலிவுட் படங்கள் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கேட்கும்.

மிச்சம் பிடித்தது எங்கே? வழக்கமாக முதலில் உலகத்தை வரைவார்கள், பிறகு பச்சைத் திரைக்கு முன்னால் நடிகர்களை நிறுத்துவார்கள். எட்வர்ட்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். சிறிய குழுவோடு தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, நேபாளம், ஜப்பான், இந்தோனேசியா என்று நிஜமான இடங்களுக்குப் போய் நிஜமான வயல், நிஜமான கோயில், நிஜமான மீனவக் குப்பங்களில் படம் பிடித்தார். படத்தொகுப்புக்குப் பிறகுதான் மலைக்குப் பின்னால் எந்தக் கட்டடம் நிற்க வேண்டும், கூட்டத்தில் யார் ரோபோ ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தான் மனிதனா இயந்திரமா என்பது படப்பிடிப்பின்போது பல துணை நடிகர்களுக்கே தெரியாது. அதனால்தான் அந்த ரோபோக்கள் இயல்பாக இருக்கின்றன. ஒரு கிழவர் நடப்பது கிழவர் நடப்பது மாதிரியே இருக்கிறது. திரும்பும்போதுதான் காது இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் வருகிற ஓட்டை தெரிகிறது.

கேமரா சோனி எஃப்எக்ஸ்3. விலை சுமார் 4,000 டாலர். நம் ஊரில் கொஞ்சம் வசதியான கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருக்கிற அதே கேமரா. அதில் 'கோவா' என்ற ஜப்பான் நிறுவனத்தின் பழைய அனமார்ஃபிக் லென்ஸை, அதாவது அகலத்திரைக்கான லென்ஸை, பூட்டியிருக்கிறார்கள். எடை குறைவு, இருட்டிலும் நன்றாகப் பார்க்கும். பெரும் விளக்குகளைக் கட்டி இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டியதில்லை. 'டூன்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய கிரெக் ஃப்ரேஸரும், அவரோடு சேர்ந்து ஓரன் சோஃபரும் ஒளிப்பதிவு செய்தார்கள். ஒலிக்கும் காட்சி விளைவுகளுக்கும் இந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2024 மார்ச்சில் காட்சி விளைவுகளுக்கான விருதைத் தட்டிக்கொண்டு போனது, இதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் ஜப்பானில் எடுக்கப்பட்ட ஒரு காட்ஸில்லா படம். காட்ஸில்லாவைப் பெரும் செலவில் எடுத்துவிட்டு வந்தவரைச் சிக்கனத்தில் காட்ஸில்லாவே தோற்கடித்தது என்றால், இதற்கு மேல் திரைக்கதை எழுத முடியாது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் படத்தில் செயற்கை நுண்ணறிவு எங்கே இருக்கிறது? வயலில் இருக்கிறது. மடத்தில் காவி உடுத்திப் பிரார்த்தனை செய்கிறது. குழந்தைகளை வளர்க்கிறது. துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக் கண்ணால் குறி பார்த்துச் சுடுகிறது, அதுவும் பல நேரம் தப்பாக. கணக்கில் மனிதனை மிஞ்சுகிற, நொடியில் ஆயிரம் சாத்தியங்களை அலசுகிற எந்த அறிவையும் இவர்களிடம் நான் பார்க்கவில்லை. ஓய்வு நேரத்தில் ஹோலோகிராம் ஆட்டம் கூடப் பார்க்கிறார்கள். நம் சினிமாவில் ரோபோ என்றால் காதலில் விழுந்தே ஆக வேண்டும். அந்தக் கடமையிலிருந்து மட்டும் இவர்கள் தப்பித்துவிட்டார்கள்.

இவர்கள் இயந்திரங்களே அல்ல என்பதுதான் உண்மை. கூம்புத் தொப்பி, மரவீடுகள், தலைக்கு மேல் வரும் விமானம், கிராமத்துக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் மண்டியிட வைத்து எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் வெள்ளைச் சிப்பாய்கள். இது எந்தப் போர் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எட்வர்ட்ஸ் வியட்நாம் போரை எடுத்து, அங்கே வியட்நாமியர் நின்ற இடத்தில் ரோபோக்களை நிறுத்தியிருக்கிறார். எதிரி மனிதனே இல்லை என்று சொல்லித்தான் எல்லாப் போரும் நடக்கிறது, ஆகவே எதிரியை நிஜமாகவே மனிதனில்லாமல் செய்து பார்க்கலாம் என்று யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஒரு சிப்பாய் ரோபோவைச் சுட்டுவிட்டு, இது அணைத்து வைக்கப்பட்டது, அவ்வளவுதான் என்கிறபோது நமக்குக் கூசுகிறது.

ஆனால் வியட்நாம் என்று வந்துவிட்டால் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் போரில் நிஜமாகவே ஒரு 'யோசிக்கும் இயந்திரம்' இருந்தது. அது கிராமத்தில் இல்லை.

தாய்லாந்தின் வடகிழக்கில், மீகாங் ஆற்றங்கரையில், நக்கோன் பனோம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆற்றுக்கு எதிர்க்கரை லாவோஸ். லாவோஸ் காடுகளுக்குள் ஓடியதுதான் ஹோ சி மின் பாதை. வடக்கு வியட்நாமிலிருந்து தெற்கே ஆட்களும் லாரிகளும் போகிற வழி. அதை அடைப்பதற்காக அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா 1966இல் விஞ்ஞானிகளின் யோசனையைக் கேட்டார். அதிலிருந்து பிறந்த திட்டம் 'இக்லூ ஒயிட்'. காட்டின் மேல் விமானத்திலிருந்து ஆயிரக்கணக்கில் உணர்கருவிகளை வீசினார்கள். சில கருவிகள் நிலத்தில் குத்தி நின்று அதிர்வைக் கேட்டன. சில மரக்கிளைகளில் பாராசூட்டோடு தொங்கி ஒலியைக் கேட்டன. ஆன்டெனாவைச் செடித் தண்டு போலச் செய்திருந்தார்கள், பார்க்கிறவனுக்குக் காட்டுச் செடி என்றே தோன்றும்.

அந்தக் கருவிகள் அனுப்பும் சமிக்ஞையை மேலே வட்டமடிக்கும் விமானம் வாங்கி நக்கோன் பனோமுக்கு அனுப்பும். அங்கே குளிரூட்டிய கட்டடத்தில் ஐபிஎம் 360 வரிசைக் கணினிகள். லாரி வரிசை எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறது, இன்னும் சில நிமிடங்களில் எங்கே இருக்கும் என்று அவை கணக்குப் போடும். அந்த இடத்தின் ஆயத்தொலைவுகள் போர் விமானத்துக்குப் போகும். குண்டைப் போடுகிற தருணத்தைக் கூடக் கணினியே தீர்மானிக்க வைக்கலாம், விமானி எதையும் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. 1960களின் கடைசியில் தொடங்கி 70களின் தொடக்கம் வரை, ஆண்டுக்கு நூறு கோடி டாலர் அளவில் செலவழித்து இது நடந்தது.

படத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். வானத்தில் நோமாட். அதிலிருந்து நீல ஒளிக்கோடுகள் இறங்கி வயலையும் குடிசையையும் வருடிக்கொண்டே போகின்றன, இலக்கைத் தேடி. பிறகு ஏவுகணை. படத்தைப் பெரும்பாலும் எடுத்தது தாய்லாந்தில். அரை நூற்றாண்டுக்கு முன்னால் அதே நாட்டிலிருந்துதான் கணினி குறி வைத்தது. அப்போதும் இயந்திரம் இருந்தது வானத்தின் பக்கம். படம் அதைத் தூக்கி நெல்வயலுக்குள் வைத்துவிட்டது. நோமாடிலோ ஆட்கள் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறார்கள்.

இக்லூ ஒயிட்டின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, அது ஏமாந்த விதம். ஆட்கள் இருப்பதை வாடையால் கண்டுபிடிக்கக் கூட அமெரிக்கர்கள் ஒரு கருவி வைத்திருந்தார்கள். வியட்நாமியர்கள் மூத்திர வாளிகளை மரத்தில் தொங்கவிட்டார்கள். லாரி ஓடும் சத்தத்தை டேப்பில் பதிவு செய்து உணர்கருவிக்குப் பக்கத்தில் ஓடவிட்டார்கள். கணினி அதை லாரி என்று நம்பியது, விமானம் வெறுங்காட்டில் குண்டைக் கொட்டியது. அழித்த லாரிகளின் கணக்கு என்று விமானப்படை சொன்ன எண்களைச் சிஐஏவே முழுதாக நம்பவில்லை. ஆனால் குண்டுகள் விழுந்தது பொய்யில்லை. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மேல் மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றைக்கும் உழுகிறவர்களின் கால்களை எடுக்கின்றன.

1969 அக்டோபரில், அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த வெஸ்ட்மோர்லாண்ட் ஓர் உரை நிகழ்த்தினார். எதிர்காலப் போர்க்களத்தில் தரவு இணைப்புகளும் கணினியும் தானியங்கிச் சுடுகருவிகளும் சேர்ந்து எதிரியைக் கண்டுபிடித்து, பின்தொடர்ந்து, ஏறக்குறைய உடனுக்குடன் குறி வைக்கும் என்பது அவர் வாதம். சாட்ஜிபிடிக்கு அரை நூற்றாண்டு முன்னால் சொன்னது. அவர் கண்ட கனவில் இயந்திரம் அவர் பக்கத்தில் இருந்தது. வேறு எந்தப் பக்கத்திலும் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது.

படத்தில் இன்னொரு நல்ல இடம் இருக்கிறது, அதையும் வீணடித்துவிட்டார்கள். கென் வதனாபே நடித்த ஹாருன் என்ற சிமுலன்ட், ஜோஷுவாவிடம் ஒரு உண்மையைச் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் குண்டு வெடித்ததற்குக் காரணம் மனிதர்கள் செய்த நிரல் பிழையாம். பழியை இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டார்களாம். பதினைந்து வருடப் போர் ஒரு தட்டச்சுப் பிழையின் மேல் நிற்கிறது! ஒரே வசனத்தில் வந்து, ஒரே வசனத்தில் போய்விடுகிறது. ஜோஷுவாவின் பெற்றோரும் சகோதரனும் செத்தது அந்த வெடிப்பில். அவன் கையும் காலும் போனது அதில். அவனாவது அதிர்ச்சியில் கொஞ்சம் உட்கார வேண்டாமா?

நிரல் பிழையில் ஆட்கள் சாவது கற்பனையும் இல்லை. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புத் தொகுதி ஒன்று தொடர்ந்து சுமார் 100 மணி நேரம் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடி வீதம் எண்ணும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுசாக எழுத முடியாது, கடைசியில் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும். வெட்டிய துணுக்குகள் சேர்ந்து சேர்ந்து, 100 மணி நேரத்தில் மூன்றில் ஒரு நொடி அளவுக்கு வந்துவிட்டன. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அந்த மூன்றில் ஒரு நொடியில் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுப்புத் தொகுதி தப்பான இடத்தில் தேடியது, அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது. படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

இதற்கு மூன்று வருடம் முன்னால், 1988 ஜூலை 3இல் நடந்தது வேறு மாதிரி. ஈரானின் பயணிகள் விமானம் மேலே ஏறிக்கொண்டிருப்பதாக அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸின் ஏஜிஸ் என்ற ஆயுதக் கட்டுப்பாட்டுக் கணினி சரியாகத்தான் பதிவு செய்திருந்தது. பதற்றத்தில் இருந்த ஆட்கள் அது தங்களை நோக்கி இறங்குவதாகப் படித்தார்கள். சுட்டு வீழ்த்தினார்கள். இறந்தது 290 பேர். இந்த இரண்டு சம்பவங்களையும் அறிந்த ஒருவர் திரைக்கதை மேசையில் இருந்திருந்தால் ஹாருனின் அந்த ஒரு வசனம் படத்தின் முதுகெலும்பாகியிருக்கும்.

படம் வெளிவந்த நேரமும் பாவம். எழுதத் தொடங்கியபோது செயற்கை நுண்ணறிவு தூரத்துச் சமாச்சாரம். 2022இல் படப்பிடிப்பு நடந்தது, அந்த நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. 2023 செப்டம்பர் 29இல் படம் தியேட்டருக்கு வந்தபோது, ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் முடிந்து சில நாள்கூட ஆகவில்லை. நடிகர்களின் வேலைநிறுத்தம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு போராட்டத்திலும் ஒரு பெரிய கோரிக்கை, எங்கள் எழுத்தையும் முகத்தையும் இயந்திரத்துக்குக் கொடுக்காதே என்பது. நடிகர்கள் விளம்பரத்துக்கு வர முடியாது. வேலை போய்விடுமோ என்று பயந்திருக்கிறவனிடம் போய், இயந்திரத்துக்கும் மனசு இருக்கிறது, இரக்கம் காட்டு என்றால் என்ன சொல்வான்? உலகம் முழுவதும் சேர்த்துப் பத்துக் கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டியது வசூல். செலவோடு வைத்துப் பார்த்தால் போதாது.

ஆனால் வேலையைவிடப் பெரிய பயம் வேறு இடத்தில் இருந்தது, அதுவும் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. 2017இல் அமெரிக்க ராணுவம் டிரோன் காணொளிகளை அலச 'புராஜெக்ட் மேவன்' தொடங்கியது. அதில் கூகுள் சேர்ந்திருந்தது தெரிந்ததும் அதன் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம், ஆயுதங்களுக்கு எங்கள் செயற்கை நுண்ணறிவு போகாது என்று 2018இல் நிறுவனம் அறிவித்தது. அந்த உறுதிமொழி 2025 பிப்ரவரியில் அதன் கொள்கைப் பக்கத்திலிருந்து காணாமல் போனது. நடுவில் 2024 ஏப்ரலில், காஸாவில் இஸ்ரேல் ராணுவம் 'லாவெண்டர்' என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பைக் கொண்டு தாக்க வேண்டிய ஆட்களைக் குறியிட்டதாக '+972' என்ற இணைய இதழ் எழுதியது. பட்டியலில் ஒரு சமயம் 37,000 பேர் வரை இருந்ததாகவும், ஒரு பெயரைச் சரிபார்க்க 20 விநாடி போதும் என்று இருந்ததாகவும் உளவுத்துறையினர் சிலர் சொன்னதாக அந்தச் செய்தி. ஆட்களை அடையாளம் காண அப்படி ஓர் அமைப்பைப் பயன்படுத்துவதில்லை என்று ராணுவம் மறுத்தது. தானியங்கி ஆயுதங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று 2023 கடைசியில் ஐநா பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 150க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளில் ரஷ்யாவும் இருந்தது, இந்தியாவும் இருந்தது.

இப்போது அந்தப் பீப்பாய்க் குண்டுக்கு வருவோம். படத்தின் மொத்த நேரத்திலும் நிஜ உலகத்துக்கு மிக அருகில் நிற்பது அதுதான். ராணுவத்தின் பக்கம் நிற்கும் இயந்திரம், உத்தரவுக்கு ஓடும் இயந்திரம், இலக்கு யார் என்று கேட்காத இயந்திரம். இன்னொன்று அதே போல ஓடி வரும்போது அந்தச் சிறுமி நடந்து போய் எதிரில் நிற்கிறாள், அது நின்றுவிடுகிறது. இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. ஒன்று கிராமத்தின் பக்கம் நிற்கிறது, மற்றது பீரங்கி வண்டியிலிருந்து வந்தது. நான் மட்டும் இயக்குநராக இருந்தால் படத்தை அந்த இடத்தில் தொடங்கியிருப்பேன். மேடலின் யூனா வாய்ல்ஸ் என்ற அந்தச் சின்னப் பெண்ணின் முதல் படம் இது. அந்த முகத்துக்கு அந்தக் காட்சியைத் தாங்குகிற பலம் இருந்தது.

மாறாக, படம் நோமாடை வெடிக்க வைத்து முடிகிறது. உச்சக்கட்டத்தில் ஜோஷுவா உள்ளே போய் வெடியை வைக்கிறான், மேடை துண்டு துண்டாக விழுகிறது, கீழே மக்கள் கொண்டாடுகிறார்கள், போர் முடிந்துபோனது மாதிரி இசை எழுகிறது. ஹான்ஸ் சிம்மர் கைவரிசை, குறை சொல்ல முடியாது. ஆனால் நக்கோன் பனோமின் முடிவு அப்படி இல்லை. அதை யாரும் வெடிக்க வைக்கவில்லை. போரிலிருந்து அமெரிக்கா விலகியதும் மூடினார்கள். காட்டுக்காகச் செய்த உணர்கருவித் தொழில்நுட்பத்தை வேறு இடத்தில் பயன்படுத்த அதற்குள்ளேயே தொடங்கியிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அது போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்க–மெக்சிகோ எல்லை. இரவில் நடந்து வருகிறவர்களின் காலடியைக் கேட்பதற்காக. எட்வர்ட்ஸின் முதல் படம் 'மான்ஸ்டர்ஸ்' நடப்பதும் அதே எல்லையில்தான். மெக்சிகோவின் வடபகுதி முழுக்க வேற்றுக்கோள் உயிர்கள், அமெரிக்கா எழுப்பிய பெருஞ்சுவர், அதைக் கடக்கப் பார்க்கும் இரண்டு பேர். அந்தப் படத்துக்கு 'தி கிரியேட்டர்' செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இரண்டில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் அதைத்தான் முதலில் கைகாட்டுவேன்.